எஸ்டிபி ப்ளோயருக்கு விஎஃப்டியும் டிஓ சென்சாரும்: போட்ட காசுக்குத் தகுமா?

எஸ்டிபி என்றால் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம், ப்ளோயர் அதற்குக் காற்றடிக்கும் இயந்திரம், விஎஃப்டி அதன் மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி, டிஓ சென்சார் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பெட்டியையும் சென்சாரையும் வாங்கலாம். ஆனால் விற்க வருகிறவர் போட்டுக்காட்டும் சேமிப்புக் கணக்கை நம்பி வாங்காதீர்கள். அதைவிட முக்கியம், ஏரேஷன் டேங்குக்குள் (காற்றடிக்கும் தொட்டி) கிடக்கும் டிஃப்யூசர் (காற்றைக் குமிழியாக விடும் குழாய்) என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சாமானுக்கு நாலு, விற்றவர்களின் பேச்சுக்கும் சர்வீஸுக்கும் சேர்த்து அரை மார்க் குறைத்துவிட்டேன். கம்பெனி பேரைப் போடவில்லை, ஏனென்றால் இதே சாமானை இதே பேச்சோடு விற்கும் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன, யாரிடம் வாங்கினாலும் நீங்கள் பார்க்க வேண்டியவை இவைதான்.

நாங்கள் சென்னை ஓஎம்ஆர் பக்கம் இருநூறு வீட்டுக்குச் சற்றுக் குறைவான ஒரு குடியிருப்பு. எஸ்டிபி 120 கேஎல்டிக்குக் கட்டியது, அதாவது ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் கழிவுநீர் வரும் என்று நினைத்துக் கட்டியது. வருவது எழுபத்தைந்தாயிரம் லிட்டர் போல. இது எங்களுக்கு மட்டும் இல்லை, பெரும்பாலான குடியிருப்புகளில் இதே கதைதான், பில்டர் அனுமதி வாங்குவதற்காக முழுக் குடித்தனத்துக்கும் கணக்குப் போட்டுக் கட்டுவார், அப்புறம் பாதி வீடு வாடகைக்குப் போகும், கொஞ்சம் பூட்டியே கிடக்கும், ஆனால் ப்ளோயர் மட்டும் முழு ஆள் இருப்பதாகவே நினைத்து இருபத்துநாலு மணி நேரமும் ஓடும்.

பொது இணைப்பு கரண்ட் பில் வந்தால் பொதுக்குழுவில் எல்லாரும் லிஃப்டைத்தான் குறை சொல்வார்கள். லிஃப்ட் ஆள் ஏறினால்தான் ஓடும். ப்ளோயர் ராத்திரி மூன்று மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் மாறியபோது குடியிருப்புகளின் பொது இணைப்பைத் தனி வகையாகப் பிரித்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள், அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியும் இருக்கிறது. 2023-ல் பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புகளுக்கு மட்டும் 5.50 ஆகக் குறைத்தார்கள். எஸ்டிபி வைத்திருக்கும் அளவுக்குப் பெரிய இடம் எதற்கும் அது கிடைக்காது. ஆகவே எட்டு ரூபாய் என்றே வைத்துக்கொண்டு கீழே கணக்குப் போடுகிறேன், உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தச் சாமான் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கழிவுநீரைச் சுத்தம் செய்வது பாக்டீரியா, அதற்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் இந்த முறையை வெளியிட்டார்கள், இன்றைக்கும் நம் பேஸ்மென்ட்டில் நடப்பது அடிப்படையில் அதுதான். காற்றடிப்பதுதான் பெரிய மின்செலவு. இந்த வகை நிலையங்களில் மொத்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றுக்கே போகும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் பாக்டீரியாவுக்குப் போதும். அதற்கு மேல் அடிக்கும் காற்றெல்லாம் வீண். டிஓ சென்சார் அந்த ஆக்சிஜனை அளக்கும், விஎஃப்டி அந்த அளவுக்கு ஏற்ப ப்ளோயர் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அவ்வளவுதான் விஷயம்.

வீண் என்று சும்மா சொல்லவில்லை. நம் ஊர் வெயிலில் டேங்குத் தண்ணீர் முப்பது டிகிரியில் இருக்கும், அந்தச் சூட்டில் தண்ணீர் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். ஏற்கனவே கரைந்திருப்பது கூடக்கூட, புதிதாகக் கரைவது குறையும். எங்கள் டேங்கில் நடுராத்திரி கையடக்க மீட்டரை விட்டுப் பார்த்தால் ஐந்தரைக்குப் பக்கத்தில் காட்டியது. அப்படியென்றால் மிச்சம் இருக்கிற இடம் இரண்டு மில்லிகிராம்தான். அதையே 2-ல் நிறுத்தி வைத்தால் மிச்சம் ஐந்தரை. ஒரே காற்றில் இரண்டரை மடங்குக்கு மேல் ஆக்சிஜன் உள்ளே போகும். நாம் கொடுத்த காசு குமிழியாகி மேலே வந்து உடைந்து போய்க்கொண்டிருந்தது என்பதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது, இருநூறு வீட்டுக்காரர்கள் மாதாமாதம் கட்டும் பணம் அது.

சரி, இப்போது விற்பனைப் பேச்சுக்கு வருவோம். எந்தக் கம்பெனிக்காரர் வந்தாலும் லேப்டாப்பைத் திறந்து ஒரே விதியைக் காட்டுவார்: வேகத்தை 28 சதவீதம் குறைத்தால் மின்சாரம் 63 சதவீதம் குறையும், ஏனென்றால் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் மாறும். இந்த விதி பொய் இல்லை. ஃபேனுக்கும் சென்ட்ரிஃப்யூகல் பம்புக்கும், எதிரே நிலையான அழுத்தம் இல்லாதபோது, சரியாகப் பொருந்தும். ஆனால் குடியிருப்பு எஸ்டிபிகளில் இருப்பது பெரும்பாலும் ட்வின் லோப் ப்ளோயர், ரூட்ஸ் ப்ளோயர் என்றும் சொல்வார்கள். அதற்கு இந்த விதி பொருந்தவே பொருந்தாது. அது சைக்கிள் பம்ப் மாதிரி, ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளும், எதிரே டேங்கில் நிற்கும் தண்ணீரின் எடை மாறாது, ஆகவே சுற்று பாதியானால் வேலையும் சுமார் பாதிதான் ஆகும், எட்டில் ஒரு பங்காக ஆகாது.

எங்கள் எண்களைச் சொல்கிறேன். ஏழரை ஹெச்பி மோட்டார், முழு வேகத்தில் இழுத்தது 4.6 கிலோவாட். நாளைக்கு 110 யூனிட், மாதம் 3,300, எட்டு ரூபாய் வீதம் 26,400. விஎஃப்டி போட்ட பிறகு நாள் முழுக்கச் சராசரி வேகம் 36 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிறது, அதாவது முழு வேகமான ஐம்பதில் 72 சதவீதம். கம்பெனிக்காரர் கணக்குப்படி 1.7 கிலோவாட்டாக இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 3.4-க்கு, விஎஃப்டி தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மூன்று சதவீதத்தையும் சேர்த்து. மாதம் 860 யூனிட் மிச்சம், சுமார் 6,900 ரூபாய். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் போட்டோம், அது திரும்ப வர மூன்று வருடத்துக்குப் பக்கம் ஆகும். அவர் சொன்னது ஒன்றேகால் வருடத்துக்குள். மூன்று வருடம் என்பது மோசமான கணக்கு இல்லை, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்தச் சாமான் அதைவிட நிறைய வருடம் உழைக்கும். ஆனால் ஒன்றேகால் வருடம் என்று பொதுக்குழுவில் சொல்லிக் கையெழுத்து வாங்கும் கமிட்டி, அடுத்த பொதுக்குழுவில் என்ன பதில் சொல்லும் என்று யோசியுங்கள். நாங்கள் சொந்தமாகக் கணக்குப் போட்டு மூன்று வருடம் என்று சொல்லித்தான் ஒப்புதல் வாங்கினோம், அதனால் இன்று யாரும் கேள்வி கேட்பதில்லை.

உங்களுடையது எந்த வகை ப்ளோயர் என்று தெரியவில்லையென்றால் நேம்ப்ளேட்டைப் பாருங்கள், அல்லது ஆபரேட்டரைக் கேளுங்கள். பெல்ட் போட்டு ஓடும், ஆயில் ஊற்றும், அறையில் நின்று பேசவே முடியாத அளவுக்குச் சத்தம் போடும் என்றால் அநேகமாக ட்வின் லோப்தான்.

விஎஃப்டிக்கு முன்பு நாங்கள் செய்த ஒரு வேலை இருக்கிறது, அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத ஆசைப்படுகிறேன், ஏனென்றால் விற்க வருகிற யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ப்ளோயரிலிருந்து டேங்குக்குப் போகும் ஹெட்டர் பைப்பில் ஒரு பிரஷர் கேஜ் இருக்கும். பல இடங்களில் கண்ணாடி உடைந்தோ முள் செத்தோ போயிருக்கும், புதிதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள், சில நூறு ரூபாய் ஆகும். எங்கள் டேங்கில் தண்ணீர் மூன்று மீட்டர் எண்பது சென்டிமீட்டர் ஆழம். பத்து மீட்டர் தண்ணீருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்று வைத்தால் 0.38 வரும், பைப்பிலும் டிஃப்யூசரிலும் போகும் நஷ்டத்தைச் சேர்த்து 0.42 இருந்தால் ஆரோக்கியம். எங்கள் கேஜ் 0.52 காட்டியது. மீதி 0.10 எங்கே போகிறது? அடைத்துப்போன டிஃப்யூசரைத் தள்ளுவதற்குப் போகிறது.

ஒரு லைனைக் கழற்றி மேலே தூக்கினோம். ஒரு மீட்டர் நீளக் குழாய், மேலே கறுப்பு ரப்பர் சவ்வு, அதில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஆயிரக்கணக்கான கீறல்கள் இருக்க வேண்டும், அந்தக் கீறல் வழியாகத்தான் நுண்குமிழி வரும். வெளியே வந்ததில் ரப்பர் கல்லாகிக் கிடந்தது, நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை. அதன் மேல் சாம்பல் நிறத்தில் வழவழப்பு, அந்த வழவழப்பில் தலைமுடி சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது. ஒரு முனையில் சவ்வு கிழிந்து, காற்று முழுக்க அந்தக் கிழிசல் வழியாகப் பெரிய பெரிய குமிழியாக வந்துகொண்டிருந்திருக்கிறது. டேங்கின் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் கொதிப்பது போலப் பொங்கும், மற்ற இடமெல்லாம் சும்மா கிடக்கும். உங்கள் டேங்கிலும் அப்படி இருந்தால் இதுதான் காரணம். பெரிய குமிழி சீக்கிரம் மேலே வந்துவிடும், ஆக்சிஜன் கரைய நேரமே இருக்காது.

சவ்வுகளை மாற்றினோம். கேஜ் 0.42-க்கு வந்தது. கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் 5.4 கிலோவாட் இழுத்துக்கொண்டிருந்த மோட்டார் 4.6-க்கு இறங்கியது. மாதம் 575 யூனிட், சுமார் 4,600 ரூபாய். விஎஃப்டியில் கிடைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு, செலவோ அதில் சின்னப் பங்கு. கூடவே ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, தளர்ந்திருந்த பெல்ட்டை இழுத்துக் கட்டினோம். இதையெல்லாம் செய்யாமல் நேரே விஎஃப்டி மாட்டியிருந்தால் சேமிப்பு முழுவதையும் அந்தப் பெட்டி கணக்கில் எழுதியிருப்பார்கள், நாமும் நம்பியிருப்போம். டிஃப்யூசர் சவ்வுக்கு ஐந்தாறு வருடம்தான் ஆயுள். குடியிருப்புக்குப் பத்து வயது ஆகி, சவ்வு மாற்றியதாக யாருக்கும் ஞாபகம் இல்லையென்றால், விஎஃப்டி கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அந்த வேலையைப் பாருங்கள்.

பெட்டி வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பொருத்திய ஆட்கள் நல்ல வேலைக்காரர்கள், கேபிளை ஒழுங்காகக் கட்டி, பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிடாமல் பைபாஸ் சுவிட்ச் வைத்துக் கொடுத்தார்கள். இந்த பைபாஸ் கட்டாயம் வேண்டும். விஎஃப்டி கெட்டுப்போனால் பழையபடி நேராக ஓட்ட வழி இருக்க வேண்டும், காற்று இல்லாமல் பாக்டீரியா சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. குறைந்தபட்ச வேகம் 30 ஹெர்ட்ஸ் என்று பூட்டியிருக்கிறார்கள். இன்னும் கீழே இறக்கலாமே என்று எங்கள் கமிட்டியிலேயே கேட்டார்கள். இறக்கக் கூடாது. மோட்டாரின் பின்னால் இருக்கும் ஃபேனும் அதே வேகத்தில்தான் சுற்றும், வேகம் குறைந்தால் மோட்டாருக்குக் குளிர்ச்சி குறையும். ட்வின் லோப் ப்ளோயரில் லோபுகளின் இடுக்கு வழியாகக் காற்று திரும்பி வரும் பங்கும் கூடி வெளியேறும் காற்று சூடாகும். இன்னொன்று, காற்றுதான் டேங்கைக் கலக்குகிறது, ரொம்பக் குறைத்தால் ஸ்லட்ஜ் (பாக்டீரியா சேர்ந்த சேறு) அடியில் படிந்துவிடும்.

எங்கள் ஆபரேட்டர் முதலில் இந்தப் பெட்டியை விரும்பவே இல்லை. "மேடம், சத்தம் கொறஞ்சா எனக்கு தூக்கமே வர மாட்டேங்குது, ப்ளோயர் நின்னுபோச்சோன்னு எழுந்து போய் பாத்துட்டு வரேன்" என்றார். அவர் பயம் நியாயமானது. இத்தனை வருடம் சத்தம்தான் அவருக்கு மீட்டர். டேங்க் ஓரத்தில் அவரை நிறுத்தி, சென்சார் எண்ணையும் கையடக்க மீட்டர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார். இப்போது காலையில் வேகம் ஏறுவதை வைத்து எந்த பிளாக்கில் வாஷிங் மெஷின் ஓடுகிறது என்று ஊகிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஆபரேட்டருக்குப் புரியாமல் இந்தச் சாமானை மாட்டினால், நீங்கள் அந்தப் பக்கம் போனதும் பைபாஸில் போட்டுவிடுவார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, வாடை வந்தால் முதலில் திட்டு வாங்குவது அவர்தான்.

சென்சார் பற்றி. எங்களுடையது ஆப்டிகல் வகை. சவ்வும் திரவமும் உள்ள பழைய வகையைவிட விலை கூட, ஆனால் பராமரிப்பு குறைவு. அதற்காகப் பராமரிப்பே வேண்டாம் என்று விற்பனைக்காரர் சொல்வதை ஏற்காதீர்கள். சென்சார் முகத்தில் வழவழப்புப் படியும். அந்தப் படிவில் இருப்பதும் பாக்டீரியாதான், அது முகத்துக்கு எதிரே இருக்கும் ஆக்சிஜனைத் தானே தின்றுவிடும், சென்சார் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், பெட்டியோ ஆக்சிஜன் போதவில்லை என்று நினைத்து ப்ளோயரை ஐம்பது ஹெர்ட்ஸில் ஓட்டும். தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. வாடை இல்லை, அலாரம் இல்லை, யாரும் குறை சொல்ல மாட்டார்கள், சேமிப்பு மட்டும் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, சுற்றியிருக்கும் தலைமுடியைப் பிரித்துவிட்டு, நனைந்த மெல்லிய துணியால் முகத்தைத் துடைத்து, காற்றில் பிடித்து எண் சரியா என்று பார்த்துவிட்டு இறக்க வேண்டும். கொஞ்ச நேர வேலைதான். லாக் புக்கில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டு ஆபரேட்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். சென்சார் முகத்திலுள்ள கேப் என்ற மூடியை ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதன் விலையை வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விசித்திரம் நடந்தது, இதே மாதிரி அமைப்பு உள்ளவர்களுக்குக் கட்டாயம் உதவும். கழிவுநீர் ஏறக்குறைய வரவே வராத விடியற்காலை மூன்று மணிக்கு வேகம் குறைய வேண்டும். எங்களுடையது ஏறியது. சென்சார் சுத்தமாக இருந்தது. கம்பெனியைக் கேட்டால் சாஃப்ட்வேர் அப்டேட் என்றார்கள். கடைசியில் விஷயம் பைப்பில் இருந்தது. பல குடியிருப்புகள் போலவே எங்களுக்கும் ஒரே ப்ளோயர்தான் ஏரேஷன் டேங்குக்கும், முதலில் கழிவுநீர் வந்து சேரும் கலெக்‌ஷன் டேங்குக்கும் காற்று தருகிறது. ராத்திரியில் கலெக்‌ஷன் டேங்க் காலியாகி மட்டம் இறங்கும், அங்கே தண்ணீர் எடை குறையும், காற்று எங்கே எதிர்ப்பு குறைவோ அங்கேதான் ஓடும். ஆகவே காற்றெல்லாம் பாதி காலியான கலெக்‌ஷன் டேங்கில் பாய, ஏரேஷன் டேங்கில் ஆக்சிஜன் இறங்க, பெட்டி வேகத்தை ஏற்ற, ஏற்றிய காற்றும் அங்கேயே போக, இப்படியே விடியும்வரை. கலெக்‌ஷன் டேங்குக்கு ஒரு சின்ன ப்ளோயரைத் தனியாக வைத்து, அதை டைமர் வைத்து விட்டு விட்டு ஓடும்படி செய்தோம். மேலே சொன்ன 36 ஹெர்ட்ஸ் சராசரி அதற்குப் பிறகு வந்ததுதான், அந்தச் சின்ன ப்ளோயர் தின்பதையும் சேர்த்துத்தான் 3.4 கிலோவாட் என்று எழுதியிருக்கிறேன். சர்வே எடுக்க வந்த நபர் இந்த ஒரே ஹெட்டரைப் பார்த்துவிட்டுத்தான் கொட்டேஷன் போட்டார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இனி அரை மார்க் குறைத்த கதை. அவர்கள் கொடுத்த மொபைல் ஆப் திறந்தால் பச்சை நிறத்தில் 'இந்த மாதம் சேமித்த யூனிட்' என்று ஒரு எண் பெரிதாக வரும். அந்த எண் எங்கள் கணக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. தோண்டிப் பார்த்தால், அது எந்த மீட்டரிலிருந்தும் வருவது இல்லை, ஓடிய ஹெர்ட்ஸை எடுத்து அதே மூன்றாம் அடுக்கு விதியில் போட்டுக் கணக்கிட்ட எண். ட்வின் லோப் ப்ளோயருக்கு அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. இது எனக்குப் பெரிய கோபம். இருநூறு குடும்பங்களின் பொதுப் பணத்தில் வாங்கிய சாமான் அவர்களுக்குத் தவறான கணக்கைத் தினமும் காட்டக் கூடாது. நாங்கள் எஸ்டிபி பேனலின் நுழைவிலேயே தனியாக ஒரு எனர்ஜி மீட்டர் போட்டிருக்கிறோம், விஎஃப்டிக்கு முன்னால், எல்லா நஷ்டமும் அதில் வந்துவிடும். ஆபரேட்டர் தினம் காலை ஒரே நேரத்தில் அதைக் குறிக்கிறார். பக்கத்தில் அன்றைக்கு ஃபில்டருக்குப் போன தண்ணீரின் அளவையும் குறிக்கிறார். இரண்டையும் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை யூனிட் என்று வரும், அந்த ஒரு எண்ணைத்தான் நான் நம்புகிறேன். பெரிய மாநகராட்சி நிலையங்களில் அது 0.3 முதல் 0.6 வரை இருக்கும். குடியிருப்பு எஸ்டிபியில் ஒன்றுக்கு மேல் இருப்பது சகஜம், சின்ன நிலையத்துக்கு அந்தச் சிக்கனம் வராது. எங்களுடையது ப்ளோயருக்கு மட்டுமே ஒன்றைத் தாண்டித்தான் நிற்கிறது, முன்பைவிடக் குறைந்திருக்கிறது, அது போதும்.

இன்னொரு குறை. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும்போது விஎஃப்டி ட்ரிப் ஆகி நின்றுவிட்டது, தானாகத் திரும்ப ஓடும் வசதியை யாரும் செட் செய்யவில்லை. ராத்திரியில் நின்றது, காலையில் ஆபரேட்டர் பார்த்தபோது டேங்க் கறுத்து நாறிக்கொண்டிருந்தது. செட்டிங்கை மாற்றுவது கொஞ்ச நேர வேலை, அதற்கு ஆள் வர நாட்கணக்கில் இழுத்தடித்தார்கள், பைபாஸ் இருந்ததால் பிழைத்தோம். நம் ஊரில் கரண்ட் போகும், ஜெனரேட்டர் ஏறும், இதைப் பொருத்துகிற அன்றைக்கே மெயினை ஆஃப் செய்து, ஜெனரேட்டரில் ஏற்றி, திரும்ப ஈபிக்கு மாற்றி, மூன்றிலும் தானாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயத்தில் விட்டே கொடுக்காதீர்கள். சேமிப்பு குறைவு என்று நாங்கள் சொன்னதும், ஆக்சிஜன் அளவை இரண்டிலிருந்து ஒன்றாகவோ அதற்கும் கீழோ இறக்கிவிடலாம் என்று கம்பெனித் தரப்பில் யோசனை சொன்னார்கள். எண் அழகாக இறங்கும்தான். ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் கைவிடுவது அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா. ஒரு கிலோ அமோனியா நைட்ரஜனுக்கு நாலரை கிலோ ஆக்சிஜன் வேண்டும், அவ்வளவு பசி அதற்கு. அது நின்றால் அமோனியா அப்படியே வெளியே வரும். நூல் நூலாக வளரும் வகைப் பாக்டீரியா பெருகினால் ஸ்லட்ஜ் படியாது, தண்ணீர் தெளியாது. அந்தத் தண்ணீர்தான் எங்கள் எல்லா வீட்டு ஃப்ளஷ் டேங்குக்கும் போகிறது, குழந்தைகள் விளையாடும் புல்தரைக்கும் மாதுளைச் செடிகளுக்கும் போகிறது. கரண்ட் பில்லுக்காக அதில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. இரண்டிலேயே வைத்திருக்கிறோம், மாதாமாதம் லேப் ரிப்போர்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம், விஎஃப்டி போட்ட பிறகு ரிப்போர்ட் ஒரு மாதமும் கெடவில்லை. இதற்காகவே இந்தச் சாமானுக்கு நாலு மார்க்.

பெரிய நிலையங்கள் வேறு உலகம். சென்னைக் குடிநீர் வாரியத்தின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் ஸ்லட்ஜை மூடிய தொட்டியில் செரிக்கவிட்டு, வரும் மீத்தேன் வாயுவில் எஞ்சின் ஓட்டித் தங்கள் மின்தேவையில் பெரும்பகுதியை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள், பல வருடமாக நடக்கிறது. நம் குடியிருப்பு ஸ்லட்ஜில் அது கட்டுப்படியாகாது. அப்படிச் செய்து தருகிறோம் என்று யாராவது ப்ரோஷர் கொண்டுவந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

யார் வாங்கலாம், யாருக்கு வேண்டாம்? நூறு வீட்டுக்கு மேல், ப்ளோயர் ஐந்து ஹெச்பிக்கு மேல், வரும் கழிவுநீர் நேரத்துக்கு நேரம் நிறைய மாறுகிறது என்றால் வாங்கலாம். ஐம்பது அறுபது வீட்டுக்கு மூன்று ஹெச்பி ப்ளோயர் என்றால் வேண்டாம், போட்ட காசு திரும்பாது. அவர்களுக்கு இரண்டு மலிவான வழி இருக்கிறது. ராத்திரியில் அரை மணி ஓடி அரை மணி நிற்கும்படி ஒரு டைமர். ஆனால் நிற்கும் நேரம் அதற்கு மேல் போகக் கூடாது, எம்பிபிஆர் வகை (பாக்டீரியா ஒட்டி வளர பிளாஸ்டிக் துண்டுகள் மிதக்கும் வகை) என்றால் அந்தத் துண்டுகள் மீண்டும் மிதந்து சுற்றுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது, ப்ளோயர் எப்போதுமே தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் மோட்டார் புல்லியைச் சின்னதாக மாற்றி வேகத்தை நிரந்தரமாகக் குறைப்பது. புல்லியும் பெல்ட்டும் சில ஆயிரம் ரூபாய், ட்வின் லோபுக்கு விஎஃப்டி தரும் அதே நேர்விகிதச் சேமிப்பு இதிலும் வரும், நேரத்துக்கு ஏற்ப மாறாது என்பதுதான் வித்தியாசம். குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்று ப்ளோயர் கம்பெனியிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வாங்க முடிவு செய்தவர்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் இவற்றை எழுதிவிடுங்கள்: சேமிப்பு என்பது தனி எனர்ஜி மீட்டரில் காட்டும் யூனிட் மட்டும்தான், ஆப் காட்டும் எண் கணக்கில் வராது. ஒப்பிடும் மாதங்களில் கேஜ் அழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். பைபாஸும் தானாகத் திரும்ப ஓடும் வசதியும் விலைக்குள் அடக்கம். ஆக்சிஜன் அளவை மாற்றும் பாஸ்வேர்ட் அசோசியேஷன் கையில் இருக்கும். சர்வீஸ் ஆள் எத்தனை மணி நேரத்துக்குள் வருவார் என்பதும், வராவிட்டால் ஏஎம்சியில் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எவ்வளவு பிடிப்போம் என்பதும். எங்கள் ஏஎம்சி புதுப்பிக்கும்போது கடைசி வரியைச் சேர்த்தோம், இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.